இலவச மருந்துக்கு மூன்று நாள் கூலி

தேவாரத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியும் முன்பே ஜீப்புகள் ஏலத்தோட்டங்களுக்குப் புறப்பட்டுவிடும். உடும்பன்சோலைப் பக்கம் களையெடுத்து, காய் பறித்துத் தொழிலாளர்கள் ஊர் திரும்பும்போது அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவு மூடியிருக்கும். எச்.ஐ.வி. சிகிச்சையின் இன்றைய சிக்கல் மருந்தில் இல்லை, இந்த நேரக் கணக்கில் இருக்கிறது என்பேன்.

இந்தியாவில் இத்தொற்று 1986இல் சென்னையில்தான் முதலில் கண்டறியப்பட்டது. 2004 ஏப்ரலில் ஏ.ஆர்.டி. கூட்டு மருந்து இலவசமாயிற்று. தொடக்க மையங்களுள் ஒன்று தாம்பரம் காசநோய் மருத்துவமனை. பொருத்தமான இடந்தான்: உலகெங்கும் எச்.ஐ.வி. உள்ளோரை அதிகம் கொல்வது காசநோயே. 2017 முதல், தொற்று உறுதியான அனைவருக்கும் சிகிச்சை என்பது அரசின் கொள்கை.

ஆனால் நம்பிக்கை மையத்தில் முடிவைக் கேட்டவர் ஏ.ஆர்.டி. பதிவுக்கு ஒரு நாள், சளிப் பரிசோதனைக்கு ஒரு நாள், மருந்துக்கு இன்னொரு நாள் என்று அலைந்தால் மூன்று நாள் கூலி போகும். காசநோயாளிக்கான ஊட்டச்சத்து உதவி 2024 நவம்பரில் மாதம் 1,000 ரூபாயாக உயர்ந்தது. அலைச்சலே அதை விழுங்கிவிடும்.

மையத்தை வீட்டருகே கொண்டுவந்தால் போதுமா? தெரிந்தவர் பார்த்துவிடுவாரோ என்று தொலைவூரைத் தேடிச் செல்வோரும் உண்டு. 2017ஆம் ஆண்டுச் சட்டம் இரகசியத்தைக் காக்கிறது. மருத்துவமனை வரிசை காப்பதில்லை. ஆகவே இரு நோய்க்கும் ஒரே நாளில், ஒரே கூரையின்கீழ்ப் பரிசோதனையும் மருந்தும் வேண்டும். மாலையிலும் மையம் திறந்திருக்க வேண்டும். தோட்டம் கேரளத்தில், வீடு தமிழகத்தில். பாதியில் நின்றுவிட்டவரைத் தேடும் பொறுப்பை இரு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கங்களும் எழுத்துப்பூர்வமாகப் பகிர்ந்துகொள்ளட்டும்.