விடை சொல்லாத பதில்கள்

அண்மையில் ஒரு மஹல்லாக் கூட்டத்தில் கைக்கூலி பற்றிய பேச்சு எழுந்தது. கைக்கூலி வாங்கும் திருமணங்களுக்கு ஜமாஅத்தின் தஃப்தரை வழங்கக் கூடாது என்று ஓர் இளைஞர் எழுந்து கூறினார். "உன் அண்ணன் நிக்காஹ்வில் நகை வாங்கவில்லையா?" என்றார் ஒருவர். "நம் பெரியவர்கள் அறியாததை நீ அறிந்துவிட்டாயோ?" என்றார் மற்றொருவர். "இவரை யாரோ தூண்டிவிட்டிருக்கிறார்கள்" என்றார் மூன்றாமவர். இளைஞர் அமர்ந்துவிட்டார். அவர் எழுப்பிய கேள்விக்கு மட்டும் எவரும் விடை கூறவில்லை.

சான்று போலத் தோன்றி, உள்ளே சான்றில்லாத இத்தகைய வாதங்களை மன்திக் எனும் தர்க்கக் கலை 'முகாலதா' என்கிறது. இவற்றை அறிந்துகொள்ள மன்திக் நூல்களைப் புரட்ட வேண்டுவதில்லை. திருக்குர்ஆனின் 26ஆம் அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களுக்கும் ஃபிர்அவ்னுக்கும் நடந்த உரையாடலை ஓதினாலே போதும்.

அகிலத்தின் இறைவனுடைய தூதராக வந்திருப்பதாகவும், இஸ்ரவேலர்களைத் தம்முடன் அனுப்பிவிடுமாறும் மூஸா (அலை) கூறினார்கள். ஃபிர்அவ்ன் அதற்கு மறுமொழி கூறவில்லை. குழந்தையாக அவர்களை வளர்த்ததைச் சொல்லிக் காட்டினான். முன்பு அவர்கள் கையால் நிகழ்ந்த ஒரு கொலையைக் கிளறினான். பின்னர் அவையோரை நோக்கி, இவர் பைத்தியக்காரர் என்றான். இறுதியில் சிறையில் அடைப்பதாக மிரட்டினான். பழைய உதவி, பழைய தவறு, வசை, மிரட்டல் என நான்கும் வந்தன. சான்று ஒன்றும் வரவில்லை.

மூஸா (அலை) அவர்களோ தம் பழைய தவறை மறைக்கவில்லை. அதை ஒப்புக்கொண்டு, மீண்டும் பேசவந்த பொருளுக்கே திரும்பினார்கள். நமக்கான பாடம் அதில் இருக்கிறது.

அந்த இளைஞரின் அண்ணன் நகை வாங்கியிருந்தால் அது திருத்தப்பட வேண்டிய தவறே. ஆனால் பெண்களுக்கு மஹரை மனமுவந்து வழங்குமாறு ஆண்களைப் பணிக்கும் இறைக்கட்டளை (4:4) அதனால் மாறிவிடுமா? ரமளான் ஸகாத் பொருளைக் காவல் காத்த அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு, திருட வந்த ஷைத்தான் ஆயத்துல் குர்ஸியின் சிறப்பைச் சொன்னான். அவன் பொய்யனே ஆயினும் அப்போது சொன்னது உண்மை என்று நபி (ஸல்) அவர்கள் கூறியதை புகாரீயில் காண்கிறோம். ஷைத்தானின் வாயிலிருந்து வந்த உண்மையே உண்மையென ஏற்கப்பட்டிருக்க, நம் மஹல்லாப் பிள்ளையின் சொல்லை ஆராயவும் நாம் மறுக்கலாமா?

மற்றவர்களை மட்டும் குறை கூறுவதற்காக இதை எழுதவில்லை. வகுப்பில் ஒரு சட்டத்திற்கு ஆதாரம் கேட்ட மாணவரை, "உனக்கு என்ன வயது?" என்று கேட்டு அமரவைத்தவர்கள்தாம் நாமும். ஆதாரம் அன்று நம் நினைவில் இல்லை. அதை ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அவர் அதன்பின் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டார். வீடுகளிலும் பிள்ளைகள் இவ்வாறே மௌனமாகிறார்கள். அதை நாம் அடக்கம் என்று எண்ணி மகிழ்கிறோம்.

இன்னொன்றையும் மறக்கலாகாது. எதிரில் இருப்பவரின் வாதம் பிழையானது என்பதால் மட்டும் நம் கருத்து சரியாகிவிடாது. அந்த இளைஞரும் தம் கோரிக்கைக்குரிய சான்றைக் கொண்டுவரக் கடமைப்பட்டவரே.

ஆகவே பதில் சொல்லும் முன் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம்: நாம் கேள்விக்கு விடை சொல்கிறோமா, கேட்டவரின் வாயை அடைக்கிறோமா? நீதியுடன் பேசும் நாவை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.