கொடையால் கணக்கு நேராகுமா?

பெருஞ்செல்வர் எப்படிச் சம்பாதித்தாலும் கடைசியில் ஊருக்கு அள்ளிக் கொடுத்துவிட்டால் நல்லவர்தான் என்கிறார்கள்; அதற்குச் சாட்சியாக அமெரிக்க எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகியை அழைக்கிறார்கள். அவர் பணத்தில் 2,500க்கும் மேற்பட்ட நூலகங்கள் எழுந்தது உண்மை. ஆனாலும் இந்த வாதம் நிற்காது.

1. கொடுத்ததை எண்ணுகிறவர்கள் எடுத்ததையும் எண்ண வேண்டும். 1892இல் பென்சில்வேனியாவில் கார்னகிக்குச் சொந்தமான ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் கூலிக் குறைப்பைத் தொழிற்சங்கம் எதிர்த்தது. நிர்வாகம் ஆலையைப் பூட்டியது. துப்பாக்கிகளோடு பிங்கர்ட்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் ஆட்கள் சுமார் 300 பேரை ஆற்றுவழியாக வரவழைத்தது. இரு தரப்பிலும் உயிர்கள் போயின.

2. 'அதெல்லாம் நிர்வாகி ஃப்ரிக் செய்தது. கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார்' என்பார்கள். ஃப்ரிக்கிடம் பொறுப்பை ஒப்படைத்தது யார்? சங்கத்தை ஒடுக்கியபின் பெருகிய லாபம் யார் பைக்குப் போனது?

3. 1898இல் ஹோம்ஸ்டெட் தொழிலாளர்களுக்கென்று கார்னகியின் பணத்தில் ஒரு நூலகம் திறக்கப்பட்டது. அதில் நீச்சல் குளமும் இசையரங்கமும் உண்டு. நாளுக்கு 12 மணி நேரம் உலையருகே வெந்தவன் எப்போது படிப்பான், எப்போது நீந்துவான்?

4. அந்தப் பணம் கூலியாக வந்திருந்தால், அரிசி வாங்குவதா புத்தகம் வாங்குவதா என்று தொழிலாளியே முடிவெடுத்திருப்பான். அதைத் தானமாக்கியதும் முடிவெடுக்கும் உரிமை முதலாளிக்குப் போனது. இது எந்த நியாயம்?

5. நூலகங்கள் நல்லவை, லட்சக்கணக்கானோர் அங்கே படித்தார்கள். அது நூலகத்தின் பெருமை. கூலியை வெட்டியவருக்கு அது நற்சான்றிதழ் ஆகாது.

ஒரு செல்வர் நல்லவரா என்று தெரிய வேண்டுமானால் நன்கொடைப் பட்டியலை ஓரமாக வையுங்கள். சம்பளப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள்.