மறைந்த பின்னும் ஓயாத கல்வி

மனிதன் மரணித்ததும் அவனுடைய செயல்கள் முடிவுறுகின்றன. நிலையான தருமம், பயன் தரும் கல்வி, தனக்காகப் பிரார்த்திக்கும் நல்ல பிள்ளை ஆகிய மூன்று மட்டும் முடிவுறுவதில்லை. இது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. பொறியியல் பேராசான் பஸ்லுர் ரஹ்மான் கானை நினைக்குந்தோறும் இவற்றுள் இரண்டாவதே நெஞ்சில் நிற்கிறது.

1929-இல் டாக்காவில் பிறந்த அவர், சிகாகோவின் 110 மாடி சியர்ஸ் கோபுரத்திற்குக் கட்டமைப்பு வகுத்தவர். வெளிச்சுவர்த் தூண்களைக் குழாய்போல் இணைத்துக் காற்றின் விசையைத் தாங்கச் செய்வது அவர் கண்ட முறை. ஜித்தா விமான நிலையத்தில் ஹாஜிகளுக்கு நிழல் தரும் 210 கூடாரங்களிலும் அவருடைய உழைப்பு உண்டு. அதே ஜித்தாவில், 1982 மார்ச் 27 அன்று, 52-ஆம் வயதில் காலமானார்.

அவரைப் போற்றுவோர் கோபுரங்களையே எண்ணுகின்றனர். அலுவல்களுக்கிடையே இல்லினாய் தொழில்நுட்பக் கழகத்தில் அவர் மாணவர்க்குப் பாடம் சொன்னதை மறந்துவிடுகின்றனர். அவருடைய வழிகாட்டலில் மாணவர் ஒருவர் ஆராய்ந்த மூலைவிட்டச் சட்ட அமைப்பே, பின்னர் 100 மாடி ஜான் ஹான்காக் கட்டடத்தைத் தாங்கியது.

சியர்ஸ் கோபுரத்தின் உயரத்தை 1998-இல் கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரங்கள் விஞ்சின. அவர் கற்பித்த முறையோ இன்றும் வானுயர்ந்த மாடங்களைத் தாங்கி நிற்கிறது. கல்லும் இரும்பும் பெறாத ஆயுளைக் கல்வி பெற்றுவிட்டது!

கற்றதைத் தம்முடனே கப்ருக்குக் கொண்டு செல்வதில் என்ன பயன்? தொழில் கைவந்தோர் ஒருவருக்கேனும் அதைக் கற்பித்துச் செல்லட்டும். நமக்குக் கற்பித்து மறைந்த ஆசான்களுக்காக இன்றைய ஜும்ஆவில் கையேந்துவோம்.