கோடு போட்டுப் பிழைப்பவர்கள்



சென்ற மாதம் ஒரு மாலை நேரம். செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கும் ஒரு தாய், தம் மகளைக் கையோடு அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். மகள் என் பழைய மாணவி, எஸ்.பி.எம். எழுதி முடித்தவள்.

"சார், இவ என்னமோ ஆபிசுக்கு உள்ளே அலங்காரம் பண்ணுற படிப்புப் படிக்கப் போறேன்னு சொல்றா. மேசை நாற்காலியை அடுக்கி வைக்க ஒரு படிப்பா சார்? நீங்களே ரெண்டு வார்த்தை சொல்லுங்க," என்றார்.

பெண் தலையைக் குனிந்தபடி நின்றாள். "தாதி வேலைக்குப் படி, கணக்காளர் வேலைக்குப் படி" என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து வேறொரு மாணவனின் நினைவு வந்து என் வாயை அடைத்துவிட்டது. "ஒரு வாரம் பொறுங்கம்மா, விசாரித்துச் சொல்கிறேன்," என்று அனுப்பி வைத்தேன்.

அந்த மாணவன் பிரிக்பீல்ட்ஸ் பக்கம், அலுவலகங்களின் உட்புறத்தை வடிவமைத்துக் கட்டிக் கொடுக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் வேலை செய்கிறான். சனிக்கிழமை காலை கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி, கோலாலம்பூர் சென்ட்ரலில் இறங்கினேன்.

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே செங்கல்லால் வந்தது. 1880களில் கோலாலம்பூரின் அத்தாப்புக் குடிசைகளுக்குப் பதிலாகச் செங்கல் கட்டடங்கள் எழும்பியபோது, அவற்றுக்குக் கல் அறுத்துச் சுட்ட இடம் அது. இன்று நகரத்தின் பழைய கட்டடங்களைப் பார்த்து வியக்கிறோம். கல் சுட்டவன் பெயர் எந்தச் சுவரிலும் இல்லை. அலுவலகங்களின் கதையும் அப்படித்தான் என்பதை அன்று தெரிந்துகொண்டேன்.

கடைவீட்டு மாடியில் ஆறே பேர். மேசை நாற்காலிக் கடை மாதிரி இருக்கும் என்று எண்ணிப் போன எனக்கு வெட்கமாகிவிட்டது. அங்கே நாற்காலியைப் பற்றிய பேச்சு கடைசியில்தான் வந்தது.

தலைமை வடிவமைப்பாளர் ஒரு பெண்மணி. அவருடைய முதல் வேலை கேட்பது. இங்கே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், யாருக்கு ஓயாமல் தொலைபேசி வரும், யாருக்கு அமைதி வேண்டும், கோப்புகள் எங்கே, தொழுகைக்கு இடம் எங்கே, சக்கர நாற்காலியில் வருகிறவர் எப்படித் திரும்புவார் என்றெல்லாம் கேட்கிறார். முதலாளியை மட்டுமல்ல, தேநீர் கலக்கும் அக்காவையும் கேட்கிறார். நிறம், அலங்காரம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர் சொன்னதைக் கணினியில் கோடாக்குகிறவர் வரைபடக்காரர். தரைக்கு ஒரு படம், உட்கூரைக்கு ஒரு படம், மின்கம்பிக்கு ஒரு படம். எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. கொஞ்சம் தவறினாலும் கதவு சுவரில் இடிக்கும். இன்னொருவர் பலகை, கண்ணாடி முதல் ஆணி வரை விலை போடுகிறார். இவர் கணக்கு பிசகினால் நிறுவனத்துக்கு நஷ்டம்.

நான்காமவன் என் மாணவன், கட்டுமிடத்தை மேற்பார்க்கிறவன். தச்சர், மின்பணியாளர், குளிர்சாதனக்காரர், சாயம் பூசுகிறவர் ஆகிய அனைவரையும் கட்டி மேய்ப்பவன். பகலில் துளை போட்டால் பக்கத்து அலுவலகம் புகார் செய்யும் என்பதால், பல நாள் இரவில்தான் வேலையாம். தடுப்பு எழுப்பும்போது தீயணைப்புத் தண்ணீர்க் குழாயை மறைத்துவிடக்கூடாது, அவசர வழியை அடைத்துவிடக்கூடாது. 1984ஆம் ஆண்டின் கட்டடத் துணைச் சட்டங்களை அவன் விரல்நுனியில் வைத்திருக்கிறான்.

இந்தத் தொழிலுக்கு வழிகாட்டியவர்களில் ஒருவர் புளோரன்ஸ் நோல் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1917இல் பிறந்தவர். ஐந்து வயதில் தந்தையையும், பன்னிரண்டு வயதில் தாயையும் இழந்தவர். விடுதிப் பள்ளியில் படித்த காலத்தில், ஓர் ஆசிரியை இவரது ஆர்வத்தைக் கண்டு வீடு ஒன்றை வரையச் சொல்லிக் கற்றுக்கொடுத்தார். அந்தச் சிறுமி பின்னாளில் கட்டடக் கலை படித்து, பெரிய நிறுவனங்களின் அலுவலகங்களைத் திட்டமிடும் பிரிவு ஒன்றையே நடத்தினார். வேலை செய்கிறவர்களின் தேவையை முதலில் ஆராய்ந்து, பிறகுதான் கோடு போடுவது அவர் வழக்கம். நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 2019இல் மறைந்தார்.

கேட்காமல் கட்டினால் என்ன ஆகும்? அதற்கும் ஒரு கதை உண்டு. 1968இல் ராபர்ட் புரோப்ஸ்ட் என்பவர், ஹெர்மன் மில்லர் என்ற அமெரிக்க நிறுவனத்துக்காக, கழற்றி மாட்டும் தடுப்புகளை வடிவமைத்தார். ஊழியர் சுதந்திரமாக நடமாடி வேலை செய்யட்டும் என்பது அவர் எண்ணம். முதலாளிமார்களோ இடத்தை மிச்சம் பிடிக்க, அதையே சின்னச் சின்னப் பெட்டிகளாக்கி ஆட்களை அடைத்துவிட்டார்கள். புரோப்ஸ்ட் தம் கடைசிக் காலத்தில் இதற்காக மனம் வருந்தினார்.

இதைக் கேட்டதும் எனக்கு நம் லயங்கள்தான் நினைவுக்கு வந்தன. ஒற்றைப் பலகைத் தடுப்பு. இந்த வீட்டில் குழந்தை அழுதால் அந்த வீட்டில் தூக்கம் போகும். யாரும் நம் தாத்தா பாட்டியைக் கேட்டுவிட்டு அந்தக் கோட்டைப் போடவில்லை. ஒரு தடுப்பு மனிதரை என்ன செய்யும் என்பது நம் பிள்ளைகளுக்குப் புத்தகம் படிக்காமலே தெரியும்.

மேசைகளில் ஒன்றைத் தட்டிக் காட்டி, "இது என்ன மரம், சொல்லுங்க பார்ப்போம்?" என்றான் என் மாணவன். நம் ரப்பர் மரம்! ஒரு காலத்தில், பால் வற்றிய மரத்தை வெட்டி விறகாக எரித்தோம். பூச்சியும் பூஞ்சணமும் விரைவில் பிடிக்கும் என்பதால் வேறு எதற்கும் ஆகாது என்று ஒதுக்கினோம். கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகம் உள்ளிட்ட ஆய்வாளர்கள், போரோன் மருந்தேற்றி உலர்த்தும் முறையைச் செம்மைப்படுத்தினார்கள். 1980களிலிருந்து அதே மரம் மேசையாகி, நாற்காலியாகிக் கப்பலேறுகிறது. அடுப்புக்குத்தான் என்று ஒதுக்கியதன் மதிப்பு, அதைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது.

இப்போது என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இவன் ஐந்தாம் ஆண்டில் என்னிடம் படித்தபோது, கணக்குப் புத்தகத்தின் நடுப் பக்கத்தில் ஏதோ கிறுக்கியிருந்தான். அதைக் கிழித்தெறிந்து, வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தேன். அன்று அவன் என்ன வரைந்தான் என்று நான் பார்க்கவே இல்லை. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, தேநீர் குடிக்கும்போது கேட்டேன்.

"எங்க வீடுதான் சார். பாட்டிக்கு இருமல் அதிகம். அடுப்புப் புகை படாம இருக்க, அவங்க கட்டிலை எந்தப் பக்கம் போடலாம்னு போட்டுப் பார்த்தேன்," என்று சிரித்துக்கொண்டே சொன்னான்.

எனக்குத் தேநீர் இறங்கவில்லை.

பெற்றோர்களே, இனி விவரத்துக்கு வருகிறேன். இடைநிலைப் பள்ளியில் காட்சிக் கலைக் கல்வி, தொழில்நுட்ப வரைகலை ஆகிய பாடங்கள் இதற்குத் துணை. கணக்கும் வேண்டும்; கணக்கு இல்லாத கோடு நிற்காது. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்திலும் வேறு பல கல்லூரிகளிலும் இந்தப் படிப்பு உண்டு. தனியார் கல்லூரி என்றால் அதன் படிப்புக்கு மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பணம் கட்டுங்கள். கட்டடக் கலைஞர் சட்டம் 2007இல் திருத்தப்பட்ட பிறகு, உள்ளரங்க வடிவமைப்பாளர்களும் மலேசியக் கட்டடக் கலைஞர் வாரியத்தில் பதிவு பெறுகிறார்கள். ஆகவே இது சட்டம் ஏற்றுக்கொண்ட தொழில். ஏட்டுப் படிப்பில் நாட்டமில்லாத பையனுக்குத் தச்சு, மின்பணி ஆகியவற்றில் மலேசியத் திறன் சான்றிதழ் இருக்கிறது. கட்டுமிடத்தில் காலெடுத்து வைக்கச் சி.ஐ.டி.பி. பச்சை அட்டை தேவை.

இதில் கஷ்டமும் இருக்கிறது. இரவு வேலை, கடைசி நேரத்தில் மனம் மாறும் வாடிக்கையாளர், தாமதமாக வரும் பணம். என் மாணவன் எதையும் மறைக்காமல் சொன்னான்.

சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்பார்கள் பெரியவர்கள். சுவரை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பதே ஒரு சித்திரம் என்று நான் நாற்பது வயதுக்கு மேல் கற்றுக்கொண்டேன்.

மறுவாரம் அந்தத் தாயும் மகளும் வந்தார்கள். பார்த்ததை எல்லாம், நல்லதும் கெட்டதுமாகச் சொன்னேன். "அப்போ இது நம்ம பிள்ளைக்குச் சோறு போடுமா சார்?" என்றார் அந்தத் தாய்.

"போடும்மா, உழைத்தால் போடும்," என்றேன். பிறகு அந்தப் பெண்ணிடம், "நீ வரைந்ததைக் கொண்டு வாம்மா, பார்க்கலாம்," என்றேன். ஆறு ஆண்டுகள் என் பள்ளியில் படித்த பிள்ளையிடம் அன்றுதான் முதன்முறையாக அப்படிக் கேட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை கலைப் பாட வேளையை எடுத்துக் கணக்குப் பாடம் நடத்தும் வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். உங்கள் பிள்ளை வீட்டில் எதையாவது கிறுக்கினால், கிழிப்பதற்கு முன் ஒரு தடவை என்னவென்று கேளுங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.