ஒரே மொழியால்தான் அரசு நிலைக்குமா?



"அரசுக்கு ஒரே மொழி இருந்தால்தான் நாடு நிலைக்கும்" என்று ஒரு செய்தி நம் குழுவில் சுற்றுகிறது. வரலாறு படித்தவர்கள் இதை நம்பலாமா?

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். வழக்குமன்றத்தில் பிரெஞ்சு ஏறியது. மக்களுக்குப் புரியவில்லை. கடைசியில் 1362இல், வாதம் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்று சட்டம் போட வேண்டியதாயிற்று. ஆனால் சிசிலியை ஆண்ட நார்மானிய அரசர் இரண்டாம் ரோஜர் லத்தீன், கிரேக்கம், அரபு மூன்றிலும் ஆணைகள் எழுதவைத்தார். அதனால் அவர் அரசு கவிழவில்லை.

அவ்வளவு தூரம் எதற்கு? தஞ்சையை 1676 முதல் 1855 வரை மராட்டியர் ஆண்டார்கள். இரண்டாம் சரபோஜி 1803இல் பெரிய கோயில் சுவரில் தம் குலவரலாற்றை மராத்தியில் பொறித்தார். அதே கோயிலில் அவர்மேல் பாடப்பட்ட தமிழ்க் குறவஞ்சியும் ஆடப்பட்டது. சரஸ்வதி மகாலில் தமிழ், தெலுங்கு, மராத்தி, வடமொழிச் சுவடிகள் ஒன்றாகவே இருக்கின்றன. நம் ஆரணியும் மராட்டிய ஜாகீராக இருந்த ஊர்தான். நாம் இன்றும் தமிழ்தானே பேசுகிறோம்?

அந்த மன்னர்களை நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. வரி வாங்கவும் வழக்குத் தீர்க்கவும் மக்கள் மொழி தேவைப்பட்டது, அவ்வளவுதான். வாளால் வந்தவனுக்கே தெரிந்த அந்தக் கணக்கு, நம் வோட்டால் வந்த அரசுக்குத் தெரிய வேண்டாமா? தறியில் உட்காரும் நெசவாளி, தனக்குப் புரியாத மொழிப் படிவத்தில் கையெழுத்துப் போடுவதா ஒற்றுமை? அது ஒற்றுமை அல்ல, அடக்குமுறை.

அடுத்த முறை ஒரு செய்தியை அனுப்புமுன் கொஞ்சம் யோசியுங்கள், பிள்ளைகளே.