முடிக்கப்படாத ஆய்வேடுகள்

மருத்துவம் பயில இடங்கிடைத்தவன் வேறெதைப்பற்றியும் ஒரு கணமேனும் எண்ணுதல் ஆகாது என்பது நம்மவரிடையே எழுதப்படாத சட்டமாக நிலைபெற்றுவிட்டது. கையிலுள்ளது எதுவாயினும் அதனை அவ்விடத்திலேயே போட்டுவிட்டு ஓடவேண்டும். பட்டப்பின் படிப்பொன்றை முக்காற்பங்கு முடித்தவனாயினுஞ் சரி, ஆய்வேட்டின் இறுதி இயலை எழுதிக்கொண்டிருப்பவனாயினுஞ் சரி, விதி ஒன்றே. இச்சட்டம் பிழையானது என்பதே என் வாதம். பிழையானது மாத்திரமன்று, மருத்துவத்துக்கே கேடு பயப்பதுமாகும் என்பேன்.

இதனைப் பொதுப்படப் பேசுதல் எளிது. அதனால் எவருக்கும் நோவதில்லை. ஆதலால் நானறிந்த ஒருவரின் செய்தியிலிருந்து தொடங்குகிறேன். பெயர் வேண்டியதில்லை. இரசாயனவியலிற் சிறப்புப் பட்டம் பெற்று, முதுதத்துவமாணிப் பட்டத்துக்காக வலிகாமத்துக் கிணற்று நீரை ஆராய்ந்தவர் அவர். மாரியில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையுமாக அறுபதுக்கு மேற்பட்ட கிணறுகளில் நீர் மாதிரிகள் எடுத்தார். பகுப்பாய்வு முடிந்தது. எழுதுவது மட்டுமே எஞ்சியிருந்தது. எட்டு மாதங்கள் போதும் என்று அவரே கூறினார். அவ்வேளையில் அவுஸ்திரேலியாவில், பட்டதாரிகளை மாத்திரம் சேர்க்கும் நான்காண்டு மருத்துவக் கற்கைநெறியொன்றில் அவருக்கு இடங்கிடைத்தது. தாய்மாமன் செலவின் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டார். கேட்டவரெல்லாம், “இனியும் என்ன யோசனை?” என்றனர். அவ்வாறு கூறியவர்களுள் விரிவுரையாளர் ஒருவரும் அடங்குவார். ஆறு வாரங்களில் நண்பர் விமானமேறிவிட்டார்.

அவர் இன்று நன்றாகவே இருக்கிறார். அதனை மறைக்க நான் விரும்பவில்லை. சொந்த வாழ்வு கெட்டது என்று காட்டினாலன்றி இத்தகைய வாதங்கள் நம்மவர் செவியில் ஏறுவதில்லை. ஆயினும் கெட்டது அவர் வாழ்வன்று.

மாதிரி எடுக்கும் பயணமொன்றில் நானும் அவருக்குத் துணையாகச் சென்றிருந்தேன். வெங்காயத் தோட்டத்தை ஒட்டிய வீடொன்றில் வயோதிபத் தாயொருவர் தாமே துலாவை இழுத்து நீர் அள்ளித் தந்தார். இடுப்பில் பேரக்குழந்தை. “தம்பி, இந்தத் தண்ணியிலை பிள்ளைக்கு மா கரைச்சுக் குடுக்கலாமோ? நாங்கள் நல்லாக் கொதிக்க வைச்சுத்தான் குடுக்கிறது” என்றார். “முடிவு வந்ததும் வந்து சொல்லுறன், அம்மா” என்றார் நண்பர்.

அவ்வினாவின் கனத்தை விஞ்ஞானபீடத்தார் அறிவர். ஏனையோர் பொருட்டுச் சிறிது விளக்குகிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. சுண்ணக்கல்லின் இடுக்குகளில் தங்கும் மழைநீரே குடிநீர். தோட்டத்துக்கு இடும் நைதரசன் உரத்தின் மிகுதியும், மலசலகூடக் குழிகளின் கசிவும் அதே சுண்ணக்கல்லினூடாக அதே நீரைச் சென்றடைகின்றன. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதற்கு மேற்பட்ட நீரிற் பாலுணவு கரைத்துக் கொடுக்கும்போது, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். உடல் நீலம் பாயும். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று அகலாது. நீர் ஆவியாக, அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். கிருமிக்கு மருந்தான கொதிநீர் இதற்கு மருந்தாகாது. அத்தாய் செய்தது முழுவதும், அவருக்கு நல்லதென்று சொல்லிக்கொடுக்கப்பட்டதே. அது போதாது என்று சொல்லக்கூடிய எண், அவருடைய கிணற்றின் எண், ஒரு குறிப்பேட்டில் எழுதப்பட்டு அலுமாரியொன்றில் இருக்கிறது. அது எவ்வளவு என்பதை நானறியேன். எல்லைக்குள் இருந்திருக்கவுங் கூடும். அவருக்குச் சொல்லப்படவில்லை என்பதே என் முறைப்பாடு.

நோயுற்ற குழந்தைகளுக்கு மருத்துவஞ் செய்யவே அவர் சென்றார் என்பீர்கள். ஆம். அதற்கென்று ஒரு குழந்தையின் கிணற்றை மறந்து சென்றார்.

மறுதரப்பின் நியாயங்களை நான் அற்பமெனத் தள்ளவில்லை. வயது ஏறுகிறது, மருத்துவம் நெடும்படிப்பு. நான்காண்டின் பின் உள்ளகப் பயிற்சி, அதன்பின் சிறப்புப் பயிற்சி என்று முப்பதுகளின் நடுப்பகுதி வந்துவிடும். வீட்டில் மணமாகாத சகோதரியர் இருப்பர், தந்தை ஓய்வுபெற்றிருப்பார், தற்காலிகப் போதனை உதவியாளரின் சம்பளத்தில் எவர் குடும்பமும் நிமிர்ந்ததில்லை. இடமும் காத்திராது என்பர். இவையாவும் மெய். எனினும், எட்டு மாதத் தாமதத்தால் முப்பதாண்டுத் தொழிலில் என்ன குறைந்துவிடும் என்று எவரேனும் கணக்கிட்டுப் பார்த்தனரா? இடம் காத்திராது என்றவர்களுள் எவரேனும் அப்பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்டனரா? தக்க காரணங் காட்டினால் ஓராண்டு பிற்போடச் சில கல்லூரிகள் இசையும், சில இசையா. எது எதுவென்று அறிய ஒரு முத்திரைச் செலவும் தேவையில்லை. நண்பர் கேட்கவேயில்லை. கேட்பதே நன்றிகேடு, கிடைத்த இடத்தை ஐயுறுவதாகும் என்ற அச்சம் அவரைப் பிடித்திருந்தது. இவ்வச்சம் அவருடையதன்று, நாம் அவருக்கு ஊட்டியது.

இவ்வச்சத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1971இல் பல்கலைக்கழக அனுமதியில் மொழிவாரியாக வெவ்வேறு வெட்டுப்புள்ளிகள் வகுக்கப்பட்டன. 1973இல் தரப்படுத்தலும் 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் வந்தன. மருத்துவபீட அனுமதி அன்று முதல் ஒரு கல்வி வாய்ப்பாக மட்டும் இருக்கவில்லை. பறிக்கப்பட்ட உரிமையின் அடையாளமுமாயிற்று. அடையாளமாகிவிட்ட பொருளை எவரும் பிற்போடுவதில்லை. அக்காயத்தை நான் ஏளனஞ் செய்யவில்லை. ஆயினும் காயம் கற்றுத்தந்த அவசரத்தை அறிவென்று பிள்ளைகளுக்குப் புகட்டுவது தகுமா? உயர்தரப் பரீட்சைக்கு மும்முறை தோற்றலாம் என்ற விதியைப் பற்றிக்கொண்டு, விஞ்ஞானபீடத்தின் முதலாம் வருடத்தைத் தங்குமடமாகக் கொள்வோரை ஆண்டுதோறும் காண்கிறோம். விரிவுரை மண்டபத்தில் உடலும், ரியூட்டரியில் உள்ளமும். இறுதியில் இங்கும் நிலையாது அங்கும் போகாது நிற்பவர்கள் தாம் பயிலும் பாடத்தைத் தோல்வியின் தண்டனையென வெறுத்தே பட்டம் பெறுகின்றனர். பட்டப்பின் படிப்பை இடையில் விடுவது இதே நோயின் முதிர்ந்த நிலை.

வேடிக்கை யாதெனில், பட்டதாரிகளை மாத்திரம் சேர்க்கும் மருத்துவக் கல்லூரிகள் தோன்றியமைக்கான காரணம் இதற்கு நேர்மாறானது. 1893இல் அமெரிக்காவில் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபோதே, முன்னர் ஒரு பட்டம் பெற்றிருத்தல் வேண்டுமென்று நிபந்தனை விதித்தது. பெயருக்கு மருத்துவம் கற்பித்த கல்லூரிகள் மலிந்திருந்த நாட்டில் அது பெருந்துணிவு. 1910இல் வெளியான பிளெக்ஸ்னர் அறிக்கை அக்கல்லூரியையே முன்மாதிரியாகக் காட்டிற்று. அவுஸ்திரேலியாவில் 1996இல் பிளிண்டேர்ஸ் பல்கலைக்கழகமும், இங்கிலாந்தில் 2000இல் இலண்டன் சென் ஜோர்ஜஸ் கல்லூரியும் பட்டதாரிகளுக்கான நான்காண்டு நெறியைத் தொடக்கின. ஒரு துறையில் ஊன்றிப் பயின்று முடித்த உள்ளம் மருத்துவத்துக்கு வேண்டும் என்பதே இவற்றின் அடிப்படை. அந்நெறிக்குள் நுழைவதற்காக, ஊன்றிப் பயின்ற துறையை முடிக்காது விட்டுச் செல்வது, வாசற்படியை உடைத்து வீட்டினுள் நுழைவது போலாம்.

மருத்துவத்தின் பெரும்பேறுகள் பல மருத்துவரல்லாதாரின் முடிக்கப்பட்ட வேலைகளே. அலன் கோர்மாக் என்ற பௌதிகவியலாளரை எடுத்துக்கொள்வோம். தென்னாபிரிக்காவின் கேப்டவுனில், வைத்தியசாலையொன்றில் பகுதிநேரமாக வேலை செய்தபோது, கதிர்கள் உடலினூடு செல்கையில் எவ்வெவ்விடத்தில் எவ்வளவு உறிஞ்சப்படுகின்றன என்பதைக் கணித முறையால் அறியமுடியுமா என்ற வினா அவருள் எழுந்தது. அவர் அதனை விடவில்லை. விடையை 1963இலும் 1964இலும் இரு கட்டுரைகளாக வெளியிட்டார். ஏறக்குறைய எவருமே கவனிக்கவில்லை. இங்கிலாந்தில் பொறியியலாளர் கொட்பிரி ஹவுன்ஸ்பீல்ட் தனிவழியே உருவாக்கிய கருவியால் முதல் நோயாளியின் மூளை 1971இற் படம்பிடிக்கப்பட்டது. 1979இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. இன்று சீற்றி ஸ்கான் என்று நம்மூர்ப் பாட்டிமாரும் கூறும் கருவியின் கதை இது. கோர்மாக் கலாநிதிப் பட்டம் பெற்றவரல்லர். என் வாதத்துக்கு இது இடையூறென நினைப்போர் உளர். இடையூறன்று. பட்டமன்று நான் வேண்டுவது. தொடங்கிய வினாவுக்குக் கண்ட விடையைப் பிறர் எடுத்துப் பயன்படுத்தும் வடிவில் எழுதி வைத்தாரே, அதுவே நான் வேண்டுவது. நம்மவருக்கு ஆய்வேட்டைவிட எளிய வடிவம் வேறில்லாமையால் ஆய்வேட்டை முடி என்கிறேன்.

நம் நாட்டிலும் இத்தகைய வினாக்கள் காத்துக்கிடக்கின்றன. வடமத்திய மாகாணத்து விவசாயிகளிடையே 1990களில் இனங்காணப்பட்ட சிறுநீரக நோயின் காரணம் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. அதில் மருத்துவர் தனித்து நின்று செய்யக்கூடியது சிறிதே. நீரையும் மண்ணையும் அறிந்தவரும் வேண்டும். நீரை அறிந்தவரே மருத்துவருமானால் எத்துணை நன்று! என் நண்பர் அத்தகைய ஒருவராகியிருக்கக்கூடும். அவ்வாறன்றி, நீரைப் பாதி அறிந்த மருத்துவரானார்.

விட்டுச் செல்லுதலே தகும் இடங்களும் உள. ஆய்வில் மனமின்றி, வேலை கிடைக்கும்வரை நிழலுக்கு ஒதுங்குவதுபோல் பதிந்தவர் முதல் ஆறு மாதத்திற் போய்விடுதல் அவருக்கும் நலம், துறைக்கும் நலம். வீட்டின் அடுப்பு அவரை நம்பியிருக்குமாயின் நான் வாய் திறவேன். ஆனால் போவோர் சொல்லிவிட்டுப் போகட்டும். பதிவைக் கைவிடாது, “அங்கிருந்து எழுதி அனுப்புவேன்” என்று மேற்பார்வையாளருக்கு வாக்களித்து, இரண்டாண்டுகள் கோப்பைத் திறந்தே வைத்திருப்பது வேறொருவருக்குரிய இடத்தையும் ஆய்வுகூட மேசையையும் பூட்டிவைப்பதாகும். நண்பர் செய்தது அதுவே. உடற்கூற்றியல் வகுப்புகள் தொடங்கிய பின் எவரால் எழுதமுடியும்? அதனை அவரும் அறிவார், மேற்பார்வையாளரும் அறிவார்.

மேற்பார்வையாளர்களையும் இங்கு விட்டுவிடுவதற்கில்லை. மாணவன் போன பின்னர் அவன் தரவுகளை வேறொரு மாணவனிடம் ஒப்படைக்கவோ, கிணற்றுக்காரருக்கு ஒரு வரி எழுதவோ தடை என்ன? ஆய்வேடு மாணவனுடையது, தாம் தொடலாகாது என்பது அவர்கள் கூறும் சாட்டு. ஆய்வேடு மாணவனுடையதாக இருக்கலாம், நீர் அவனுடையதன்று. வலிகாமத்தாருக்கு இது புதிய அனுபவமுமன்று. 2014, 2015 ஆம் ஆண்டுகளில் சுன்னாகச் சூழலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்துள்ளது என்று மக்கள் தெருவிலிறங்கியபோது, அவர்கள் கேட்டதும் இதே விடையைத்தான்: எங்கள் தண்ணீர் நல்லதா, இல்லையா?

சென்ற வைகாசியில் ஆய்வுகூடத்துக்குச் சென்றிருந்தேன். அலுமாரி திறந்தே இருந்தது. நீலமட்டைக் குறிப்பேடுகள் நான்கு, கிணற்றிலக்கம் ஒட்டிய வெறும் போத்தல்கள் சில. உதவியாளரிடம் அனுமதி பெற்று அத்தாயின் வீட்டு இலக்கத்தைத் தேடினேன். கோடைக்கால மாதிரியின் நிரல்களில் இலக்கங்களே இருந்தன, வீட்டுப் பெயர்கள் இல்லை. எந்த இலக்கம் எந்த வீட்டுக்குரியது என்ற பட்டியல் நண்பரின் கணினியில் இருப்பதாக உதவியாளர் கூறினார். நண்பருக்கு எழுதியுள்ளேன். பதில் வரவில்லை.