தொட்டில் வந்தால் நாய் தெருவுக்கா?

பச்சிளங் குழந்தை பிறந்த வீட்டில் நாய்க்கு இடமில்லை என்பது எழுதப்படாத சட்டமாகி வருகிறது. மகப்பேறு நெருங்க நெருங்க வீட்டுப் பெரியவர்கள் நாயின்மீது கண்வைக்கத் தொடங்குவர். முடி உதிர்க்கிறது என்பர். குரைத்துக் குழந்தையை எழுப்பிவிடும் என்பர். மழைக்காலத்தில் ஈரக்காலோடு உள்ளே வந்தால் பச்சை உடம்புக்காரிக்கும் பிள்ளைக்கும் குளிர் சேரும் என்பர். பிறகு இரண்டிலொன்று நடக்கும். நாய் கொல்லைப்புறத் தூணில் சங்கிலியாற் கட்டப்பட்டு, நடை மறந்து, மழையிலும் வெயிலிலும் அங்கேயே கிடக்கும். அல்லது ஓர் இரவு காரில் ஏற்றப்பட்டு, ஊருக்கு வெளியே செம்பனை வரிசைகளுக்கிடையில் இறக்கிவிடப்படும். ஜொகூர் மாநிலத்துச் சிம்பாங் ரெங்கம் போன்ற ஊர்களில் இந்த இரண்டாம் செயலுக்குத் தொலைவும் வேண்டுவதில்லை. கடைத்தெருவைக் கடந்து சிறிது நேரம் சென்றாலே செம்பனை தொடங்கிவிடும்.

இச்செயலுக்குக் குழந்தையின் நலம் என்று பெயர் சூட்டப்படுகிறது. அந்தப் பெயரைத்தான் முதலில் மறுக்க வேண்டும். நாயை நடைக்கு அழைத்துச் செல்ல ஆளில்லை என்பதே பெரும்பாலான வீடுகளில் உண்மைக் காரணம். அதுவரை காலையும் மாலையும் அழைத்துச் சென்றவள் தாய். அவள் பிள்ளைபெற்றுப் படுத்திருக்கிறாள். அவள் கையிலிருந்த வாரைத் தன் கையில் வாங்கிக்கொள்ள வீட்டு ஆண்மகன் முன்வரவில்லை. ஆகவே பழி நாயின்மேல் விழுகிறது, குளிரின்மேலும் விழுகிறது.

குளிர் என்று சொல்லப்படுவது எது? சிம்பாங் ரெங்கத்தில் பனி பெய்வதில்லை. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று மழையைக் கொணர்கிறது; தொடர்மழை நாள்களில் வெப்பம் 22, 23 பாகைக்கு இறங்கும். 2025 சனவரியில் அடுத்தடுத்துச் சில நாள் பெய்த மழையில் தென் ஜொகூரும் சிங்கப்பூரும் போர்வை தேடின. மற்றபடி இம்மண்ணுக்கு வாய்த்த ஒரே குளிர்காலம் ரப்பர் மரத்தினுடையது. சனவரி தொடங்கி மார்ச் வரையில் அம்மரங்கள் இலையுதிர்த்து வெறுங்கிளையாய் நிற்கும், பாலும் குறையும். வெள்ளைக்காரத் துரைமார் அதனை 'விண்டரிங்' என்றே அழைத்தனர். தங்கள் நாட்டுப் பனிக்காலத்தின் பெயரை, பனி காணாத மரத்துக்குச் சூட்டி மகிழ்ந்தனர் போலும்.

அந்த இலையுதிர் காலத்திலும் அதற்கு முந்திய மழைக்காலத்திலும் தோட்டத்துத் தாய்மார் என்ன செய்தனர் என்பதை இன்றைய தலைமுறை மறந்துவிட்டது. ரப்பர்ப் பால் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் நன்றாக வடியும். வெயில் ஏறினால் ஒழுக்கு நின்றுவிடும். ஆதலால் இருள் பிரியுமுன்னே பெரட்டு. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் மகப்பேற்றுக்கு 60 நாள் விடுப்புத் தந்தது. அந்நாள் கழிந்ததும் தாய் பிள்ளையைத் துணியிற் சுற்றி மார்போடணைத்து, லயத்திலிருந்து ஆயாக் கொட்டகைக்கு அந்த இருளில் நடந்தாள். தூறலும் பனிமூட்டமும் அவளுக்காகக் காத்திருக்கவில்லை. அவளுக்கு முன்னே ஓடியது லயத்து நாய். பாம்பு கிடந்தால் குரைத்தது. காட்டுப்பன்றி குறுக்கிட்டால் உறுமியது. கொட்டகையில் பிள்ளையைத் தூளியில் இட்டபின் நிரைக்கு அவளோடு சென்றது. குழந்தையும் நாயும் குளிரும் ஒரே பாதையில் நடந்த வாழ்க்கை அது. அதனைப் பொற்காலமென்று புகழ்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அது வறுமையின் கட்டாயம். அறுபதாம் நாளில் வேலைக்குத் துரத்தப்பட்ட தாயின் துயரம் அதில் உண்டு. கொட்டகையில் நோயுற்றுக் கிடந்த குழந்தைகளும் உண்டு. ஆயினும் நாய்தான் குழந்தைக்குப் பகை என்ற சொல்லை அந்தத் தாய்மார் கேட்டிருந்தால் சிரித்திருப்பர்.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்கள் இடிக்கப்பட்டன. குடும்பங்கள் சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தன. லாரியில் நாய்க்கு இடமில்லாமற் போனது அப்போதே. பின்னால் ஓடி ஓடி இளைத்து நின்ற நாய்களை விட்டுவந்த மனம், இன்று தொட்டிலைக் காரணங்காட்டி அதனையே மீண்டும் செய்கிறது.

குழந்தையின் நலமே பேச்சென்றால், நலம் பற்றி ஆராய்ந்தோர் கூறுவதையும் கேட்க வேண்டும். பனி உறையும் பின்லாந்து நாட்டில், குவோப்பியோ நகரைச் சார்ந்த மருத்துவ ஆய்வாளர்கள் 397 குழந்தைகளைப் பிறந்த முதலாண்டு முழுவதும் கவனித்து, 2012இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். நாயுள்ள வீட்டில் வளர்ந்த குழந்தைகளுக்கு மூச்சுத்தொல்லையும் காதுநோயும் குறைவாகவே வந்தன. நோயெதிர்ப்பு மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. இன்னொன்றும் தெரிந்தது. நாள் முழுதும் வீட்டுக்குள்ளே கிடந்த நாயைவிட, பெரும்பகுதி நேரத்தை வெளியிற் கழித்த நாயுள்ள வீடுகளிலேயே இப்பயன் மிகுந்திருந்தது. இஃது ஒரு தொடர்பைக் காட்டும் ஆய்வேயன்றி நாயே மருந்து என்னும் தீர்ப்பன்று. ஆனால் நாயிருந்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று அடித்துப் பேசுவோர், தம் பக்கம் இத்தகைய சான்று ஒன்றேனும் வைத்திருக்கிறார்களா? அந்நாடுகளில் கைக்குழந்தையை நன்கு போர்த்தித் தள்ளுவண்டியிற் கிடத்திப் பனிக்காலத்திலும் வெளியே உறங்கவைப்பது வழக்கம். இங்கோ 30 பாகை வெப்பத்தில் சன்னலையும் அடைத்து, பிள்ளையின் தலையிற் கம்பளிக் குல்லாயையும் மாட்டி, சாம்பிராணிப் புகையும் போட்டுவிட்டு, வாசலில் நிற்கும் நாயைக் குற்றவாளி என்கிறார்கள்.

சங்கிலிக்கும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்து 1994இல் வெளிவந்த ஆய்வொன்று, கடித்த நாய்களையும் கடிக்காத நாய்களையும் ஒப்பிட்டது. முற்றத்திற் கட்டிப்போடப்பட்டு வளர்ந்தவை கடித்தவற்றுள் மிகுதியாயிருந்தன. குழந்தையைக் காக்க என்று கட்டப்படும் சங்கிலியே நாயைக் கடிநாயாக்கத் துணைபோகிறது. அதே ஆய்வில், குழந்தைகளுள்ள வீட்டு நாய்களும் கடித்தவற்றுள் மிகுதியாயிருந்தன என்பதை மறைக்கலாகாது. எத்துணை நல்ல நாயாயினும், தொட்டிற் பிள்ளையோடு ஒரு நொடியும் தனித்து விடத்தக்கதன்று. கண்காணிப்பு வேறு, வெளியேற்றம் வேறு. முன்னதைச் செய்யச் சோம்புகிறவர்களே பின்னதைச் செய்கிறார்கள்.

வெறிநாய்க்கடி பற்றிய அச்சம் உண்மையான அச்சம். 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அந்நோய் தலைகாட்டியது. 2017 சூலையில் சரவாக்கின் செரியான் வட்டாரத்தில் குழந்தைகளே முதலில் அதற்குப் பலியாயினர். ஆனால் இவ்வச்சம் எதைச் செய்யச் சொல்கிறது? தடுப்பூசி போடச் சொல்கிறது; நாயைத் தெருவில் அலையவிடாமல் வாரிற் பிடித்து நடத்தச் சொல்கிறது. செம்பனைக் காட்டில் இறக்கிவிடப்பட்ட நாயோ, ஊசியும் உணவும் இன்றி, குப்பை கிடக்கும் இடத்தை நாடி, கூட்டஞ் சேர்ந்து, குட்டிகளும் ஈனும். ஒரு வீட்டுத் தொட்டிலைக் காத்ததாக எண்ணுகிறவர் பத்து வீட்டுப் பிள்ளைகளின் பள்ளி வழியிற் கேட்டினை விதைக்கிறார். உள்ளூராட்சி மன்றத்தின் பிடிப்போர் வரும்போது அந்த நாய்க்கு உரிமமும் இருப்பதில்லை, உரியவரும் இருப்பதில்லை.

மழைக்காலத்தில் கைக்குழந்தையோடு நாயை நடத்துவது இயலாத செயலா? சிறிது முன்யோசனை போதும். பிள்ளை பிறப்பதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே வெற்றுத் தள்ளுவண்டியின் அருகில் இழுக்காமல் நடக்க நாயைப் பழக்கிவிட வேண்டும். வாரைத் தள்ளுவண்டியிற் கட்டுவது பேதைமை. ஒரு பூனை குறுக்கே ஓடினால் வண்டி கவிழும். கூடுமானவரை வண்டி ஒருவர் கையிலும் வார் மற்றொருவர் கையிலும் இருத்தல் நன்று. மார்போடு கட்டிச் சென்றால் குழந்தையின் மூக்கும் வாயும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மோவாய் நெஞ்சில் அழுந்தக் கூடாது. பெரியவருக்கு வேண்டியதைவிட ஒரு துணி கூடுதலாய்ப் போர்த்தினாற் போதும். நனைந்த துணியை உடனே மாற்றுவது அதைவிட முக்கியம், ஏனெனில் பச்சிளம் உடல் தன் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இன்னும் கற்கவில்லை. இடியும் பெருமழையும் உள்ளபோது குழந்தை வீட்டில் இருக்கட்டும். நாய் மட்டும் சிறிது நேரம் நடந்து திரும்பட்டும். இருளையும் கணக்கிற் கொள்ள வேண்டும். 1982 சனவரி முதல் நாள் தீபகற்பத்தின் கடிகாரங்கள் அரைமணி முன் தள்ளப்பட்டபின், சனவரியில் ஏழு மணிக்குப் பிறகே இங்குக் கதிரவன் எழுகிறான். விடிந்ததும் மாலையிலும் டெங்கிக் கொசு கடிக்கும் நேரம். இரண்டு மாதம் நிரம்பாத பிள்ளைக்குக் கொசுமருந்து பூசலாகாது. வண்டிக்கு வலை போட வேண்டும். தேங்கிய நீரில் எலிக்காய்ச்சற் கிருமி இருக்கக் கூடுமாதலால், நாயை அதில் இறங்கவும் குடிக்கவும் விடாமல், வீடு திரும்பியதும் கால் கழுவித் துடைக்க வேண்டும். குடற்புழு மருந்தையும் கால்நடை மருத்துவர் சொன்னபடி கொடுத்துவர வேண்டும். இவற்றுள் எது ஒரு குடும்பத்தால் இயலாதது?

அண்டை வீட்டார் மனம் நோகும் என்பாரும் உளர். அக்கவலை மதிக்கத்தக்கது. மலாய் முசுலிம் அண்டையர்க்கு நாயின் உமிழ்நீர் பட்டால் ஏழு முறை, அவற்றுள் ஒருமுறை மண் கலந்த நீரால், கழுவித் தூய்மை செய்யவேண்டிய சமயக் கடமை உண்டு. குறுகிய வாரிற் பிடித்து, எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்கி நின்று, கழிவை உடனே எடுத்துச் செல்பவரோடு எந்த அண்டையர் பூசலிடப் போகிறார்? தளையவிழ்ந்து அவர்கள் வாசலில் நுழையும் நாயே பூசலுக்கு வித்து. கட்டுக்குள் நடத்தப்படும் நாயினால் வரும் வம்பைவிடக் கைவிடப்பட்ட நாயினால் வரும் வம்பு பெரிது.

தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு பொறுப்பு உண்டு. தொடக்கப்பள்ளியில் வளர்ப்புப் பிராணி பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னால், நாய் நன்றியுள்ளது என்று எழுதாத மாணவன் அரியன். அதற்கு மதிப்பெண்ணும் விழுகிறது. செய்ந்நன்றியறிதல் அதிகாரமும் மனப்பாடம் ஆகிறது. அதே மாணவன் தம்பியோ தங்கையோ பிறந்த மாதத்தில் வீட்டுக்குத் திரும்பி, நாய் எங்கே என்று கேட்டால், ஓடிப்போய்விட்டது என்னும் பொய்யைப் பெறுகிறான். பாரதக் கதையில் தருமன் இமயப் பனியில் நடந்த கடைசி நடையைச் சொல்லாத ஆசிரியர் இல்லை. தம்பியரும் மனைவியும் வீழ்ந்தபின் உடன்வந்த நாயை விட்டுவிட்டுத் தேரேறுமாறு இந்திரன் கூறினான். தன்னை அண்டியதை விட்டு வரும் சுவர்க்கம் தனக்கு வேண்டாவென்று தருமன் நின்றான். இக்கதையை வகுப்பிற் கேட்டவன் வீட்டில் கேட்கும் பொய்யோடு அதனை ஒட்டிப்பார்க்க மாட்டான் என்று எண்ணுவது பிள்ளைகளைக் குறைத்து மதிப்பதாகும். கட்டுரைத் தலைப்பைக் கொடுக்கும் ஆசிரியர், வீட்டு நாயை இன்று யார் நடைக்கு அழைத்துச் சென்றார் என்று ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம். விடைகள் பெற்றோர்க்கு உவப்பாயிரா.

இனித் தந்தையரிடம் வருவோம். 2023 சனவரி முதல் தீபகற்பத்தில் தாய்க்கு 98 நாள் விடுப்பும், தகுதியுள்ள தந்தைக்கு 7 நாள் விடுப்பும் சட்டத்தில் உள்ளன. தாயின் ஓய்வைக் குறை சொல்வதற்கில்லை. கிழிந்து ஆறும் உடலுக்கு நாற்பது நாள் ஓய்வு முன்னோர் கண்ட நல்வழி. தந்தையின் ஏழு நாள் எங்கே போகிறது? வந்தவர்க்கெல்லாம் இனிப்பு வழங்குவதிலும், கைப்பேசியிற் படம் அனுப்புவதிலும், இரவில் கடையில் அமர்ந்து காற்பந்தாட்டம் பார்ப்பதிலும் போய்விடுகிறது. கடைக்குச் செல்லும் கால்கள் நாயோடு ஒரு தெருவைச் சுற்றிவர மறுக்கின்றன. மழை தூறுகிறதாம். அந்தத் தூறலில் அவர் பாட்டி மார்பிற் பிள்ளையோடு நடந்தாள்.

இப்போதே வாரைக் கையில் எடுத்தால் ஏழு நாளில் நாய் அவர் நடைக்குப் பழகிவிடும். விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபின்னும் காலையில் இருபது நிமிடம், மாலையில் இருபது நிமிடம் கிடைக்கும். நாற்பது நாள் கழித்துத் தாய் பிள்ளையோடு வாசற்படி இறங்கும் மழை ஓய்ந்த மாலையில், வண்டிக்கு எந்தப் பக்கம் நடக்க வேண்டுமென்று அந்த நாய்க்குச் சொல்லித்தர வேண்டியிராது.